பண்பும் நீதியும்

பண்பு வேறு, நீதி வேறு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2023 இல் இங்கிலாந்துக் கிராமமொன்றிற் குடியேறிய நைஜீரியக் குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம்.

விடியுமுன் தாய் காரில் வீடு வீடாகச் செல்கிறாள். தனித்து வாழும் முதியோரைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரையும் தேநீரும் கொடுக்கிறாள். தந்தை பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்கிறான். அயலவர் புன்னகையுடன் மழையைப் பற்றிப் பேசுகின்றனர். ஞாயிறன்று தேவாலயத்தில் அருகே அமர்கின்றனர். பண்பிற் குறையில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பராமரிப்புத் தொழிலாளருக்கு 2022 இல் விசா வழங்கி அழைத்த பிரித்தானிய அரசு, 2024 மார்ச் 11 முதல் புதிதாக வருவோர் தம் துணையையோ பிள்ளைகளையோ அழைத்துவரலாகாதென விதித்தது. 2025 ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து ஆட்சேர்க்கும் வழியையே அடைத்தது. ஓராண்டு பிந்தி வந்திருந்தால், இத்தாய் பிறர் பெற்றோரைப் பேணுதற்காகத் தன் பிள்ளைகளைப் பிரிந்திருப்பாள். உழைக்கும் கை வேண்டும், அக்கைக்குரிய குடும்பம் வேண்டாம் என்பதன்றி இதற்கு வேறு பொருளுண்டோ?

ஆங்கிலேயரைப் பழித்து நாம் தப்பிவிட முடியாது. இலங்கைத் தேயிலையை உலகுக்கு அளித்த மலையகத் தமிழரை 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. அத்தேநீரைப் பருகிவிட்டே நாமும் வகுப்பறைக்குச் சென்றோம். உழைப்பாளியிடம் இனிமையாகப் பேசினோமா என்பதன்று கேள்வி. அவள் பிள்ளைக்கும் இம்மண்ணில் இடமுண்டென்று உரத்துச் சொன்னோமா என்பதே.