முடிவு வீட்டுக்காரியின் கையில்

பேரிடருக்குப் பின் வீடு திருத்தக் காசும் சீமெந்தும் வேண்டும். எதை, எப்படித் திருத்துவது என்ற முடிவு யாரிடம் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த அம்பாறைக் கரை இதை அனுபவத்தில் அறிந்தது.

அப்போது அரசு இரு வழிகளை வகுத்தது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோருக்குக் கொடையாளர்கள் வேறிடத்தில் கட்டிக்கொடுப்பார்கள். அதற்கு அப்பால் இருந்தோர் தாமே கட்டவோ திருத்தவோ வேண்டும். முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபாய், வேலை நகர நகரத் தவணையாகக் கிடைத்தது. சாமான் விலையும் மேசன் கூலியும் ஏறியதால் அந்தத் தொகை போதவில்லை. ஆனாலும் அத்திவாரம் எங்கே, குசினி எந்தப் பக்கம் என்பது வீட்டாரின் சொல்லாகவே இருந்தது.

மற்ற வழியின் குறையை அக்கரைப்பற்று நுரைச்சோலையில் காணலாம். சவூதி அரேபியாவின் நிதியில் அங்கே 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குக் கிணறுகளே சாட்சி. மணற்பாங்கான கிழக்குக் கரையில் நன்னீர், உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கடல்நீர் புகுந்த கிணறுகளை உதவும் எண்ணத்தில் மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, அடியிலிருந்த உப்பு மேலேறியது. அளவாக இறைத்து, மழை கழுவும்வரை பொறுப்பதே சரியான வழி.

வீட்டு உரிமையிலும் இதே கதைதான். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்துவைக்கிறார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே வளவும் வீடும் பெரும்பாலும் பெண்ணுக்கே உரியவை. நிவாரணப் படிவமோ குடும்பத் தலைவராகக் கணவரையே கேட்டது. தாய் வழியாக வந்த வீடு அழிந்து, புதிய வீட்டின் உறுதி ஆண் பெயரில் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. சுவர் எழுந்தாலும் உரிமை இடிந்தது.

எனவே பள்ளிவாசலோ, கோயிலோ, ஊர்ச் சங்கமோ வீடு திருத்தக் கிளம்பினால், சேதத்தை அளக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: வீடு யார் பெயரில் இருக்கிறது? முதலில் எதைத் திருத்த வேண்டும் என்று அவர் சொல்கிறார்?