அட்டையில் யார் முகம்?

பள்ளி ஆண்டு மலர்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கட்டடம், நுழைவாயில், தாளாளர் படம், அதிக மார்க் வாங்கியவர்களின் ஸ்டாம்ப் சைஸ் முகங்கள். படிக்க வேண்டியது பதினான்கு வயதுப் பிள்ளை. அட்டை பேசுவதோ அடுத்த வருஷம் அட்மிஷனுக்கு வரப்போகும் பெற்றோரிடம். பிள்ளை அங்கே வாசகர் இல்லை, விளம்பரம்.

"அப்போ பசங்களுக்குப் பிடிச்ச மாதிரி போட்டுட்டா முடிஞ்சுது" என்று சொல்லலாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவரைக் கவர்வதும் மதிப்பதும் ஒன்றா?

அமெரிக்காவின் 'செவன்டீன்' பதின்வயதுப் பெண்களைக் கவரத் தெரிந்த பத்திரிகை. 2012இல் 14 வயது ஜூலியா ப்ளூம் அதனிடம் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: மாதம் ஒரு படத்தொகுப்பையாவது கணினியில் திருத்தாமல் போடுங்கள். 80,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பெண்களின் உடலையும் முகத்தையும் மாற்ற மாட்டோம் என்று பத்திரிகை உறுதி சொன்னது. கவர்ச்சி வேலை செய்யாததால் வந்த புகார் அல்ல இது. நன்றாக வேலை செய்ததால் வந்தது. பார்த்த பெண்ணுக்குத் தன் முகமே பிடிக்காமல் போகும் அளவுக்கு.

சரி, நம்ம ஊர்ப் படம் போட்டால் தப்பித்துவிடலாமா? கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரை எடுத்துக்கொள்வோம். வெளியூர் ஓவியர் என்றால் பெரிய ஏரியையும் கொக்கையும் மாந்தோப்பையும் வரைவார். அழகுதான். ஆனால் அது பெரியவர்களின் ஏக்கம். அங்கே வளரும் பிள்ளைக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட்டும் ஊர்தான். ஓலா ஸ்கூட்டர் ஆலையும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸும் அதே ஊர்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வகுப்பில் தமிழ் எழுதும் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. இதில் எது 'நம்ம ஊர்' என்று யார் முடிவு செய்வது?

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதழ்கள் தொடங்கியது. 4, 5ஆம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு'. நல்ல காரியம். ஆனால் ஒன்பதோடு நிற்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் வாசகர் பரீட்சை எழுதுபவராக மட்டும் ஆகிவிடுகிறார். தன்னைப் பற்றித் தானே கேள்வி கேட்கத் தொடங்கும் வயது அது.

முடிவைப் பிள்ளைகளிடமே விட்டால் பைக்கையோ சினிமா ஹீரோவையோ போடுவார்கள் என்ற பயம் நியாயமானது. போடலாம். அப்போது ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஏன்டா இது?" 'பைக் இருந்தா ஓசூர் வேலைக்குப் போகலாம் சார்' என்று ஒருவன் சொன்னால், அது உள்ளே வர வேண்டிய கட்டுரை. அந்தக் கட்டுரை உள்ளே இருந்தால் பைக் அட்டை பொய் இல்லை. பிள்ளைகள் எழுதிய ஒரு வரிகூட உள்ளே இல்லையென்றால், எவ்வளவு அழகான ஏரி ஓவியமும் பொய்தான்.

வேண்டாம் என்று மறுக்கவும் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அவ்வளவுதான். காரணம் சொல்லத் தகுந்தவர் என்று ஒருவரை நினைப்பதற்குப் பெயர்தான் மதிப்பு.