முருகன் பாத்துக்கிடுவான்... பிரேக்கை யார் பாக்குறது?

 

சாத்தான்குளத்துல இருந்து ஆறுபடை வீடும் ஒரே பயணமா போயிட்டு வரணும்னு ஆசைப்படாத முருக பக்தர் குறைவு. திருச்செந்தூர் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்க கும்பிட்டுட்டு திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, பழநி, சுவாமிமலை, திருத்தணின்னு சுத்தி ஊர் திரும்பினா ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் ஆயிரும். சொந்தக் கார் இல்லாதவங்க ரெண்டு மூணு குடும்பமா சேர்ந்து வாடகை கார் பிடிப்போம். கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏசி உண்டா, டிரைவர் பேட்டா எவ்வளவு, எல்லாம் கேப்போம். வண்டிக்கு கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணுனீங்கன்னு மட்டும் கேக்க மாட்டோம். அப்படியே யாராவது கேட்டாலும் பதில் தயாரா இருக்கும்: "அதெல்லாம் ஓடும் அண்ணாச்சி. முருகன் பாத்துக்கிடுவான்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான் எழுதுறேன். இது பக்தியா, இல்ல நாம செய்ய வேண்டிய வேலையை சாமி தலையில கட்டுறதா?

போன வருஷம் எங்க தெருக்காரங்க ஏழு பேருக்கு கார் பேசுற பொறுப்பு எங்கிட்ட வந்தது. அதுல எழுபது வயசைத் தாண்டின பெரியம்மா ஒருத்தங்க, ரெண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒண்ணு. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னால டிரைவர் தம்பி அட்வான்ஸ் வாங்க வந்தார். வண்டி எப்படி இருக்கு தம்பின்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி"ன்னு பானெட்டைத் திறந்து விட்டார். ஆயில் மாத்த வேண்டிய கிலோமீட்டர் எழுதின அட்டை தொங்குது. அதைத் தாண்டி 7000 ஓடியிருக்கு. பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் காபி டிகாஷன் நிறத்துல இருக்கு. "மாத்தி மூணு வருஷம் இருக்கும். முதலாளிகிட்ட சொன்னேன், சீசன் முடியட்டும்னுட்டாவ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க"ன்னார்.

பிரேக் ஆயில்ல அப்படி என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். அது காத்துல உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். ஈரம் சேரச் சேர, குறைஞ்ச சூட்டுலயே கொதிக்க ஆரம்பிச்சிரும். மலைப்பாதையில இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறும். ஆயில் கொதிச்சு உள்ள ஆவிக்குமிழ் உண்டாகும். அப்ப மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. இதனாலதான் பல கார் கம்பெனிகள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்லுது. சாத்தான்குளம் ரோட்டுல நல்லாவே பிடிக்கிற பிரேக், அழகர்மலை இறக்கத்துலயும் பிடிக்கும்னு சொல்ல முடியாது.

முதலாளிக்கு போன் போட்டேன். நானே திறந்து பாத்தேன், இப்படி இருக்குன்னேன். நானே பாத்ததால தம்பி பேரை இழுக்க வேண்டிய அவசியம் வரலை. அவர் சொன்ன பதில்: "போன வாரம்தான் வேளாங்கண்ணி போயிட்டு வந்துச்சு. ஒண்ணும் ஆகலையே." எங்க ஆளுங்களுக்கும் வருத்தம். "நல்ல நாள் பாத்துக் குறிச்சாச்சு, இப்ப போய் தள்ளிப் போடுதியே"ன்னு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கடைசியில செலவுல பாதி எங்களோடதுன்னு பேசி முடிச்சு, ஒரு நாள் தள்ளிக் கிளம்பினோம். ஒர்க்‌ஷாப்ல ரெண்டு ஆயிலையும் மாத்தினாங்க. பிரேக் பேட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னாங்க, டயரும் பரவால்லைன்னாங்க. பயணம் நல்லபடியா முடிஞ்சது. திரும்பி வந்ததும் மச்சான் கேட்டார்: "பாத்தீங்களா, அன்னைக்கே கிளம்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு நாளும் காசும் வீண்தானே?"

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அன்னைக்கே கிளம்பியிருந்தாலும் பத்திரமா வந்திருப்போமோ என்னவோ. அப்படின்னா அந்த ஒரு நாள் வீணா?

இதே கேள்வியை 1877-ல் இங்கிலாந்துக் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு ஒரு கட்டுரையில எடுத்துப் பேசியிருக்கார். 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன வழியில, சிசிலித் தீவுக்குப் பக்கத்துல கப்பல் உடைஞ்சு உயிர் தப்பினவர் அவர். அந்தக் கட்டுரையில ஒரு கப்பல் முதலாளி வர்றார். கப்பல் பழசு, பல தடவை பழுது பார்த்தது. இதைக் கடலுக்கு அனுப்பலாமான்னு அவருக்குள்ள சந்தேகம். பழுது பார்த்தா பெருஞ்செலவு. "இத்தனை தடவை பத்திரமா போயிட்டு வந்த கப்பல்தானே, பிழைப்பு தேடிப் போற இந்தக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார்"னு மனசைத் தேத்திக்கிட்டார். நாளாவட்டத்துல அதை நிஜமாவே நம்பிட்டார். கப்பல் நடுக்கடல்ல மூழ்கினது. அவர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்தார்.

அவர் குற்றவாளின்னு யாரும் சொல்லிருவாங்க. கிளிஃபோர்டு அதோட நிறுத்தலை. சரி, கப்பல் மூழ்காம பத்திரமா கரை சேர்ந்ததுன்னு வைங்க, அப்ப அவர் குற்றம் குறையுமான்னு கேக்குறார். துளியும் குறையாதுங்கிறதுதான் அவர் முடிவு. ஒரு செயல் சரியா தப்பாங்கிறது அதைச் செய்யும்போதே முடிவாயிருது. பிறகு நடக்குற நல்லதோ கெட்டதோ அதை மாத்தாது. அந்த முதலாளி மனசார நம்பினார்தான். ஆனா விசாரிச்சுப் பார்த்து வந்த நம்பிக்கை இல்ல அது, சந்தேகத்தை அமுக்கி வச்சதால வந்தது. அப்படி நம்புறதுக்கு அவருக்கு உரிமையே கிடையாது.

"வேளாங்கண்ணி போயிட்டு வந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்கிறதும் அதே பேச்சுதான். மச்சானுக்கும் என் பதில் இதுதான். பத்திரமா வந்து சேர்ந்ததை வச்சு, கிளம்பினது சரின்னு சொல்ல முடியாது.

அந்தக் காலத்துல இது வெறும் கற்பனையும் இல்ல. இத்துப்போன கப்பல்ல அளவுக்கு மீறிச் சரக்கு ஏத்தி, மூழ்கினா இன்சூரன்ஸ்னு அனுப்பினவங்க இருந்தாங்க. சாமுவேல் பிளிம்சால்னு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துப் போராடி, 1876-ல் கப்பல்ல சரக்கு ஏத்துற அளவுக்கோடு போட்டே ஆகணும்னு சட்டம் வந்தது. தூத்துக்குடி துறைமுகத்துல நிக்கிற சரக்குக் கப்பலோட பக்கவாட்டுல ஒரு வட்டமும் குறுக்க ஒரு கோடும் இருக்கும், பாருங்க. அந்தப் போராட்டம் விட்டுப்போன அடையாளம் அது.

நம்ம ஊர்ச் சட்டமும் இந்த விஷயத்துல தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 190: ஆபத்து உண்டாக்குற பழுது உள்ள வண்டியை ஓட்டுறவர் மட்டுமில்ல, ஓட்ட வைக்கிறவர், ஓட்ட விடுறவர் மேலயும் குற்றம். பழுது தெரிஞ்சிருந்தாத்தான்னு இல்ல. சாதாரணமா கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்னாலும் குற்றம்தான். "எனக்குத் தெரியாது"ங்கிறது எப்பவும் தப்பிக்கிற வழி ஆகாது.

எஃப்.சி. இருக்கே, அப்புறம் என்னன்னு சிலர் கேப்பாங்க. வாடகை வண்டிக்கு எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். ஆனா அது அந்த ஒரு நாள் வண்டி எப்படி இருந்ததுன்னு சொல்ற சான்று. அதுக்கப்புறம் ஓடின பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அது சாட்சி சொல்லாது.

சரி, பழி முழுக்க முதலாளி மேலதானா? எனக்கு அப்படித் தோணலை. ஒரே ஒரு காரை லோன்ல எடுத்து ஓட்டுறவருக்கு டியூ, இன்சூரன்ஸ், வரின்னு ஆயிரம் நெருக்கடி. நாம வேற கிலோமீட்டருக்கு ஒரு ரூபா குறைச்சாத்தான் ஆச்சுன்னு நிப்போம். 1500 கிலோமீட்டருக்கு 1500 ரூபா. அந்த ரூபாயை அவர் எங்க பிடிப்பார்? டீசல்ல பிடிக்க முடியாது, டியூவுல பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் பிடிப்பார். நாம பேரம் பேசி ஜெயிச்ச காசு பிரேக்குல இருந்து வந்ததா இருக்கலாம்.

டிரைவருக்கு எல்லாம் தெரியும், ஆனா வேலை போயிரும்னு பயம். முதலாளிக்குத் தெரியும், காசு இல்ல. பின் சீட்டுல தூங்குற பெரியம்மாவுக்கும் பிள்ளைக்கும் எதுவும் தெரியாது. அந்தக் காலத்துல நம்ம கடல்ல முத்துக்குளிக்க இறங்கினவரோட உயிர், மேல தோணியில கயிறு பிடிச்சவர் கையில இருந்தது. கார் பேசுறவங்க கையிலயும் அப்படி ஒரு கயிறு இருக்கு. பணம் குடுக்குறது நாமதான், அதனால கிளம்பாம இருக்கிற அதிகாரமும் நம்மகிட்டதான். அதிகாரம் இருக்கிற இடத்துலதான் கேக்க வேண்டிய கடமையும் இருக்கு.

இப்படிக் கேக்குறது முருகன் மேல நம்பிக்கை இல்லாததால வர்றதான்னு சிலருக்கு உறுத்தும். தேரோட்டத்தை நினைச்சுப் பாருங்க. தேர்ல உக்காந்திருக்கிறது சாமியே. ஆனா சக்கரத்துக்கு ஓரமா முட்டுக்கட்டை போடுறவங்க இல்லாம தேர் ஒரு அடி நகராது. தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் அவங்கதான். திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு பொருத்தியிருக்கு. சாமி தேருக்கே பிரேக் வேணும்னா, சாமியைப் பாக்கப் போற காருக்கு வேண்டாமா? "முட்டுக்கட்டை போடாதே"ன்னு நாம திட்டுறதுக்குச் சொல்றோம். தேர் இழுக்குற ஊர்ல அது திட்டு இல்ல. பத்திரமா நிலைக்கு வந்து சேரணும்னு போடுற கட்டை அது.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நல்லது, வைக்கட்டும். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால இருக்கிற பிரேக்கையும் அதே கையால பாத்தா பூஜை நிறைவாகும்னு நான் நினைக்கிறேன்.

அதுக்காகத் தேதி தாண்டின எல்லாத்துக்கும் பயணத்தை நிறுத்தணும்னு இல்ல. ஆயில் மாத்துற கணக்கு 300 கிலோமீட்டர் தாண்டியிருந்தா, ஊருக்கு வந்து மாத்திக்கிடலாம். கெட்டா இன்ஜின் கெடும். பிரேக், டயர், ஸ்டீயரிங், ஹெட்லைட், சீட் பெல்ட், மழைக்காலம்னா வைப்பர், இதுல குறை இருந்தா கிளம்பவே கூடாது. கெட்டா மனுஷன் போயிருவான். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. வண்டி நம்பரை எம்பரிவாஹன் செயலியில போட்டா எஃப்.சி., இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும்னு தெரிஞ்சிரும். குறை இருந்தா முதலாளிகிட்ட மரியாதையா சொல்லுங்க. செலவை வாடகையில கழிக்கலாமா, பாதிப் பாதியான்னு பேசுங்க. ஒத்துக்கலைன்னா வேற வண்டி பாருங்க. அட்வான்ஸ் போனாலும் போகட்டும். சொன்னது டிரைவர்னா அவர் பேரை மட்டும் வெளிய விட்டுராதீங்க.

முருகன் பாத்துக்கிடுவான்னு சொல்ற உரிமை எனக்கு உண்டு. என் கண்ணால பாக்க வேண்டியதைப் பாத்து முடிச்ச பிறகுதான் அது உண்டு. அதுக்கு மேல ரோட்டுல என்ன வரும், எதிர வர்ற லாரிக்காரர் தூங்குறாரா முழிச்சிருக்காரா, அதெல்லாம் நம்ம கையில இல்ல. அதை அவன்கிட்ட விட்டுரலாம்.

அடுத்த மாசம் உங்க தெருவுல யாராவது கார் பேசுனா, இதை அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!