கவிழ்த்த பாத்திரமும் அணிவகுப்பு மரியாதையும்

2007 செப்டம்பரில் பர்மாவின் (மியான்மரின்) பிட்சுகள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். பகோக்கு நகரில் பிட்சுகளைப் படையினர் அடித்தார்கள். மன்னிப்புக் கேட்க விதித்த கெடு கடந்ததும், ராணுவத்தாரிடம் இனித் தானம் ஏற்பதில்லை என்று சங்கத்தார் முடிவெடுத்தார்கள். தானம் கொடுத்துப் புண்ணியம் தேடும் பௌத்தருக்கு இது சிறிய தண்டனை அல்ல. பிட்சுகளின் ஒழுக்க விதி நூலான விநயபிடகத்திலேயே இதற்கு வழி உண்டு. பிட்சு ஒருவர் மேல் பொய்ப்பழி சுமத்திய வட்டன் என்ற லிச்சவி குலத்தவனுக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்க்கச் சொன்னவர் புத்தரே. அந்த முடிவைச் சீடர் ஆனந்தர் அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னார். அவன் பிழையை ஒப்புக்கொண்டு வருந்தியதும் பாத்திரம் நிமிர்ந்தது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஆனந்தரின் அந்த நடையைத்தான். பேச்சு அறுபடவில்லை, கொடுத்துப் பெறும் மரியாதை மட்டுமே நின்றது. கொடுமை செய்யும் அரசோடு உறவு வைக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அளவுகோலில் இந்தியா தேறவில்லை. 2007இல் பிட்சுகள் வீதியில் நின்ற அதே நாட்களில் நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா மியான்மரில் எரிவாயு ஒப்பந்தங்களுக்காக இருந்தார். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மார்ச் 27 அன்று தலைநகர் நேப்பிடோவில் நடந்த படை அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்று ஒரே நாளில் நூறுக்கும் மேற்பட்ட மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அரசு துறவி அல்ல, அதற்குக் குடிகளைக் காக்கும் கடமை உண்டு என்பார்கள். உண்மை. 1,643 கிலோமீட்டர் எல்லை, அதற்கப்பால் முகாமிட்ட வடகிழக்குக் கிளர்ச்சிக் குழுக்கள், நாம் விலகினால் நுழையக் காத்திருக்கும் சீனா: இவை கற்பனையான கவலைகள் அல்ல. ஆனால் இவை எல்லாம் கேட்பது பேச்சுவார்த்தையை. அணிவகுப்பு மேடையில் இருக்கையை அல்ல. தூதர் பேசட்டும், எல்லை அதிகாரிகள் சந்திக்கட்டும். விருந்தினராகப் போய் அமர்வது வேறு. அது கொன்றவருக்கு நாம் அளிக்கும் அங்கீகாரம். அந்த மரியாதையால் நம் நலன் காக்கப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. சித்வே துறைமுகத்தை மிசோரத்தோடு இணைக்கும் நம் கலாதான் திட்டத்தின் வழியிலுள்ள பலேத்வா நகரத்தை 2024 ஜனவரியில் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படை பிடித்தது. நாம் மரியாதை செய்த ராணுவத்தால் அந்த ஊரைக்கூடக் காக்க முடியவில்லை.

இன்னொரு ஆட்சேபம்: ஒரு நாட்டுக்கு மட்டும் இந்த அளவுகோலா? இல்லை, எல்லா நாட்டுக்கும், நமக்கும் பொருந்தட்டும். மியான்மரிலிருந்து தப்பி வந்த சின் இன மக்களைத் தடுக்கச் சொல்லி எல்லை மாநிலங்களுக்கு 2021இல் உள்துறை அமைச்சகம் எழுதியபோது, அதை ஏற்க முடியாது என்று பிரதமருக்குப் பதில் எழுதியவர் அன்றைய மிசோரம் முதல்வர் சோரம்தங்கா. பல்லாயிரம் பேருக்கு அந்தச் சிறிய மாநிலம் சோறும் கூரையும் தந்தது. டெல்லி செய்ய வேண்டியது இதுதான்: நேப்பிடோவோடு பேசட்டும், விழாக்களுக்குப் போகாதிருக்கட்டும், அடைக்கலம் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருக்கட்டும்.