ஆதாயக் கணக்கில் ஒரு மரணம்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்னும் பழமொழியை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள். பொருளியல் அறிஞர்கள் இப்போது அதற்குப் புதிய உரை எழுதி வருகின்றனர். நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் வருமுன் தடுத்தால் நாட்டுக்கு இத்தனை கோடி மிச்சம் என்பதே அந்த உரை.

அந்தப் பேச்சை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என மதிப்பிட்டது. மருந்துக் கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இம்மாதம் மளிகைக் கடனை அடைப்பதா, மாத்திரை வாங்குவதா என்று தயங்கி நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆயினும், ஒரு செயலின் நன்மையை அது மிச்சப்படுத்தும் பணத்தால் மட்டுமே அளக்கத் தொடங்கினால், அவ்வழி எங்கே சென்று முடியும்? அது சென்று முடிந்த ஓரிடத்தை 2001-இல் உலகம் கண்டது. பிலிப் மோரிஸ் என்னும் சிகரெட் நிறுவனம், ஆர்தர் டி. லிட்டில் என்னும் ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு செக் குடியரசைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. புகைப்பழக்கத்தால் 1999-இல் அந்நாட்டு அரசுக்கு நிகர ஆதாயம் 580 கோடி கொருனா என்பது அதன் முடிவு. வரவில் பெரும்பகுதி சிகரெட் வரி. அதனுடன் இன்னொரு வரவும் சேர்க்கப்பட்டிருந்தது. சீக்கிரம் இறந்தவர் ஓய்வூதியம் வாங்குவதில்லை. முதுமையில் மருத்துவமனைக்கு வருவதில்லை. முதியோர் குடியிருப்பில் இடம் கேட்பதுமில்லை! எங்கும் கண்டனம் எழவே, அவ்வாண்டு ஜூலையில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

எதற்காக மன்னிப்பு? கூட்டலில் பிழை நேர்ந்ததற்காகவா? இறந்தவர் இழந்த ஆண்டுகளைச் செலவுப் பத்தியில் எழுதவே இல்லை என்பது உண்மை. ஆனால் கணக்கு முற்றிலும் சரியாக இருந்திருப்பினும் நம் மனம் கொதித்திருக்கும் அன்றோ?

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு நம்மை மேலும் சிந்திக்க வைக்கிறது. புகைக்காத, அளவான உடல் எடையுள்ளவர்கள் நெடுநாள் வாழ்கின்றனர். ஆகவே முழு வாழ்நாளுக்கும் கணக்கிட்டால் அவர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவே மற்றவர்களுடையதை விட அதிகம் என்றனர் அவர்கள். நோய்த் தடுப்பை 'மிச்சம்' என்னும் ஒரே தூணின்மேல் நிறுத்துவோர், அத்தூண் சரியும் நாளில் என்ன செய்வர்?

பணக்கணக்கில் மற்றோர் ஆபத்தும் உண்டு. நோயாளியைப் பார்த்து, "உன் பழக்கம், உன் நோய், உன் செலவு" என்று சொல்லும் துணிவை அது தந்துவிடுகிறது. (விருந்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்கும் நாமே அதைச் சொல்வதுதான் வேடிக்கை.)

பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாநிலத்தில் நிகழ்ந்ததோ வேறு. நடுவயது ஆண்கள் இதய நோயால் அடுத்தடுத்து இறந்துகொண்டிருக்கவே, 1971-இல் அப்பகுதியின் பிரதிநிதிகள் அரசிடம் மனுக் கொடுத்தனர். மறு ஆண்டே பணி தொடங்கியது. வெண்ணெய் தின்றவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு அப்பணி நின்றுவிடவில்லை. பால் பண்ணைகளையும் இறைச்சிப் பண்டம் செய்வோரையும் கடைக்காரர்களையும் இல்லத்தரசிகளையும் உடன் சேர்த்துக்கொண்டு, ஊரார் உண்ணும் உணவையே மெல்ல மாற்றியது. சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரண விகிதம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

இல்லையேல் இளமையிலேயே மாண்டிருக்கக்கூடிய பலர் அங்கே ஓய்வூதியம் வாங்கும் வயதைக் கண்டனர். செக் அறிக்கையின் கணக்கேட்டில் அது நட்டம் என்றே பதிவாகும்.