பை மண்ணும் பஞ்சமி மண்ணும்

என் அம்மா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பது வருசம் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர். ஒரு சென்ட் நிலம்கூட அவர் பேரில் இருந்ததில்லை. பிழைக்க வந்து சென்னையில் ஆற்றோரம் குடிசை போட்டபோது கூரைமேல் சுரைக்கொடி ஏற்றினார். வாசலில் ஒரு முருங்கை வைத்தார். குடிசையை இடித்த அன்றே கொடியும் மரமும் போயின. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி.

மாடித் தோட்டத்துக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "மாடி உங்களுதாம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். "மாடியிலதாம்பா இருக்கோம். ஆனா மாடி எங்களுது இல்லியே."

அந்தப் பேச்சைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

திட்டம் கெட்ட திட்டமல்ல. 2013இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை பாதி மானியத்தில் தொடங்கியது. செடி வளர்க்கும் பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதைப் பொட்டலம், உரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். 2021இல் இன்னும் விரிவாக வந்தது. கீரையும் கத்தரியும் விளைவதில் யாருக்கு என்ன வருத்தம்? ஆனால் பையை வைக்க மொட்டைமாடி வேண்டும். ஊற்றத் தண்ணீர் வேண்டும். காலையில் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்க ஓய்வு வேண்டும். இந்த மூன்றும் ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவரிடமே மானியமும் போய்ச் சேருகிறது. மூன்று தலைமுறையாக மண்ணை அறிந்த கை வெளியே நிற்கிறது.

அரசு நமக்கு மண் தருவதாகச் சொன்னது இது முதல் தடவை அல்ல. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்று நிபந்தனையும் இருந்தது. காகிதம் கெட்டியாக இருந்தது. நிலம் கை மாறியது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள்.

ஆகவே தோழர் ஒருவர் கோபமாகக் கேட்டார்: "ஏக்கரைக் கேக்குற நாம பைக்குக் கை நீட்டலாமா? பையை வாங்கினா ஏக்கரை மறந்துட்டோம்னு ஆகாதா?" இன்னொருவர் வேறு பக்கமிருந்து வந்தார்: "சேத்துல இருந்து தப்பிச்சி நகரத்துக்கு வந்தோம். திரும்பவும் சேத்துல எறங்கணுமா?"

இரண்டாவது கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் ஏன் அப்படிச் சாடினார் என்பது சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அம்மாவை இழிவுபடுத்தியது சேறா? சேறு யாரையும் "ஏய்" என்று கூப்பிடவில்லை. வரப்பில் நின்றவன்தான் கூப்பிட்டான். கூரைமேல் சுரைக்காய் காய்த்தபோது அம்மா முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். தன் மண்ணில் தனக்காகச் செய்த ஒரே விவசாயம் அவருக்கு அதுதான்.

முதல் கேள்விக்குப் பதிலையும் அம்மாவேதான் சொன்னார். "ஆண்டைகிட்ட கூலி பாக்கி நிக்கும்போது பொங்கலுக்குத் துணி குடுப்பாரு. வாங்கிக்குவோம். துணி வாங்கிட்டா கூலி பாக்கி தீந்துபூடுமா? மறுநாளு போயி கேட்டுத்தான வாங்குனோம்."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மானியத்தைக் கொடுப்பவன் அதைத் தானமாக நினைக்கிறான். வாங்குகிற நாமும் தானமாக நினைத்தால்தான் கடன் அழியும். பாக்கியில் ஒரு சிறு தவணை என்று நினைத்தால் கணக்கு திறந்தே இருக்கும். வாங்குவது தப்பில்லை, வாங்கிவிட்டுக் கும்பிடுவதுதான் தப்பு.

அதனால் பையை மட்டும் கேட்டு நிற்க வேண்டாம். ஒவ்வொரு மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும் மொட்டைமாடியையும் சும்மா கிடக்கிற பொது இடத்தையும் அங்குள்ள பெண்கள் குழுவுக்கு எழுத்து மூலம் நீண்டகாலக் குத்தகையாகக் கேட்போம். தண்ணீர்க் குழாயும் கேட்போம். அதன்பிறகு விதை வரட்டும். யாரும் பிடுங்க வந்தால் கேட்கச் சங்கம் இருக்கட்டும். பஞ்சமி நிலத்துக்கு ஆணை இருந்தது. கூட நிற்க ஆளில்லை. அந்தப் பாடத்தை நூறு வருசத்துக்குமேல் விலை கொடுத்துப் படித்திருக்கிறோம்.

அம்மா இப்போது ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அரைக்கீரை விதைத்து நடைபாதையில் வைத்திருக்கிறார். மண் எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

"பின்னாடி கட்டடத்துக்குத் தோண்டிப் போட்டுருந்தாங்க. யாரும் கேக்கல, எடுத்தாந்தேன்."

யாரும் கேட்காத மண்தான் இதுவரை நம் கைக்கு வந்திருக்கிறது. கேட்டுப் பெற்ற மண் இனிமேல்தான் வர வேண்டும்.