மனம் மாறாவிட்டாலும்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எப்பேர்ப்பட்ட கொடியவனையும் கடைசி அத்தியாயத்தில் அழவைத்துவிடலாம். அழுதுவிட்டால் வாசகர் மன்னித்துவிடுவார். அங்குலிமாலன் கதையிலிருந்து வருகிற வழக்கம் இது. என் நாவல்களிலும் இரண்டொருவர் அப்படி அழுதிருக்கிறார்கள்.

ஆனால் சிலருக்கு அழவே வருவதில்லை. பிறர் வலி அவர்களுக்கு உறைப்பதில்லை; பேச்சு மட்டும் தேன். மனோதத்துவ வைத்தியர்கள் 'ஸைக்கோபாத்' என்று சொல்வது இவர்களைத்தான். எல்லோரும் கத்தி எடுப்பவர்கள் அல்ல. எடுத்தவர்களை என்ன செய்வது?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், ஓக் ரிட்ஜ் என்று குற்றவாளிகளுக்கான மனநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. 1960-களின் நடுவில் அங்கே ஒரு பரீட்சை தொடங்கிற்று. நோயாளிகளையே ஒருவருக்கொருவர் வைத்தியராக்கி நெஞ்சைத் திறந்து பேசவைத்தார்கள். ஜன்னலில்லாத அறையில் ஆடையின்றி நாட்கணக்கில் உட்காரவைத்து, சுவரில் செருகிய குழல் வழியே ஆகாரம் கொடுத்தார்கள். எல்.எஸ்.டி. மருந்தும் உண்டு. (கருணையை வரவழைக்க இப்படியும் ஒரு வழி! 2017-ல் அந்த மாகாணத்து நீதிபதி ஒருவர் இதைச் சித்திரவதை என்றே சொன்னார்.) 1992-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் கணக்குப் பார்த்தால், மற்றக் குற்றவாளிகள் ஓரளவு திருந்தியிருந்தார்கள், ஸைக்கோபாத்துகளோ, சிகிச்சையே பெறாத தங்கள் இனத்தாரைவிட அதிகமாக வன்முறையில் இறங்கியிருந்தார்கள். பிறர் மனத்தைப் படிக்கக் கற்று, கற்றதை ஆயுதமாக்கிக்கொண்டார்கள் என்று ஆராய்ந்தவர்கள் ஊகித்தார்கள்.

அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரில், 1995-ல் மெண்டோட்டா என்ற சிறுவர் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. சீர்திருத்தப் பள்ளிகளால் சமாளிக்க முடியாத பையன்கள் அங்கே வந்தார்கள். அவர்களில் பலரிடம் அதே ஈரமற்ற சுபாவம். இங்கே அழு என்று யாரும் நெருக்கவில்லை. இன்று ஒழுங்காக நடந்தால் நாளைக்குச் சலுகை. தினம் தினம் மார்க். பணியாளர்மேல் பாய்ந்தவனிடமும் பேச்சை நிறுத்துவதில்லை. வெளியே வந்தபின் இருநூறுக்கு மேற்பட்ட பையன்களைச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான இடங்களுக்குத் திரும்பிப் போனவர்கள் கையால் 16 பேர் செத்திருந்தார்கள். மெண்டோட்டாவில் சிகிச்சை முடித்தவர்கள் கையால் ஒருவரும் சாகவில்லை.

இது ஒழுக்கமா, வியாபாரமா என்று கேட்பீர்கள். சலுகைக்காகக் கையை மடக்கிக்கொள்கிறவனை நல்லவன் என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. ஆனால் அவன் அழவேண்டும் என்பது நம்முடைய ஆசை. ஓக் ரிட்ஜில் அத்தனை பேர் நிர்வாணமாக உட்கார்ந்தது அந்த ஆசைக்காகத்தான். கொல்ல வந்தவன் என்ன காரணத்தால் திரும்பிப் போனான் என்று உயிர் பிழைத்தவர் விசாரிப்பாரா?

வெளியே வந்தபின் மார்க் போடுவது யார் என்பதுதான் எனக்குக் கவலை. ஒரு வேலையும் மாதச் சம்பளமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமானால், நெஞ்சில் ஈரமே இல்லாமல் அவன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.